கேள்வி – பதில்: உருட்டும் முன் இரங்குங்கள்

*கல்லூரி மாணவர், புதுக்கோட்டை*
நண்பர்கள் ஐந்து பேர் லீவு நாட்களில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம். நான்தான் கேம் மாஸ்டர். போன வாரம் ஒரு சில்லறைக் கொள்ளைக்காரன் வாளை வீசினான். அட்டை மறைப்புக்குப் பின்னால் நான் உருட்டிய பகடையில் 20 விழுந்தது. சொல்லியிருந்தால் நண்பனின் வீரன் அங்கேயே செத்திருப்பான். '9' என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டேன். சரிதானே?

மனசு சரி, செய்த விதம் சரியில்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடப்பார்கள். வீசிய வாள் பட்டதா, தாண்டிய பள்ளம் கடந்ததா என்பதை 20 முகப் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் கொண்டுவந்த ஆட்டம் இது. நடத்துபவர் பகடையை மீறலாம் என்று 1979-ல் வந்த கையேட்டிலேயே கைகாக்ஸ் அனுமதி கொடுத்திருக்கிறார். 2014-ல் வந்த கையேடும், அடிக்கடி மாற்றாதீர்கள், மாற்றுவது ஆட்டக்காரர்களுக்குத் தெரியவும் விடாதீர்கள் என்கிறது. எனவே நீங்கள் புத்தகத்தை மீறவில்லை.

ஆனால் அந்த அறிவுரையிலேயே விஷயம் வெளிச்சமாகிறது. தெரிந்தால் சுவை போய்விடும் என்றால், ஆடுகிறவர்கள் பகடையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் நண்பன் அந்தச் சண்டையில் பிழைத்தது தன் துணிச்சலால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பு உண்மையாக இருக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

20 விழும் வாய்ப்பு இருபதில் ஒன்று. ஒரு மாலையில் நாற்பது முறை உருட்டினால் சராசரியாக இரண்டு தடவை எதிர்பார்க்க வேண்டியதுதான். வந்த பிறகு மாற்றுவதைவிட, வந்தால் என்ன ஆகும் என்பதை முன்னாலேயே பேசி வைத்திருக்கலாம். 'நம் கதையில் வீழ்ந்தவன் சாகமாட்டான், சிறைப்படுவான்' என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அந்த 20-ஐ உரக்கவே அறிவித்திருப்பீர்கள். நண்பனை மீட்கப் போகும் இன்னொரு சாகசமும் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

*இல்லத்தரசி, அறந்தாங்கி*
பேத்தியோடு தாயம் ஆடுகிறேன். தாயம் விழாமல் குழந்தை அழுகிறாள். அவள் பார்க்காதபோது கட்டையைத் திருப்பி வைத்தால் பாவமா?

பாவமில்லை அம்மா. ஆனால் தேவையுமில்லை. கணக்கைப் பாருங்கள்.

பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, வெறுமை. இரண்டு கட்டையும் விழக்கூடிய விதம் 16. அதில் ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் விழுவது இரண்டே விதம். ஆக, தாயத்துக்கு எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயமே காணாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நூற்றுக்கு 26 பேர். உங்கள் பேத்தியின் கையில் குறையில்லை, விதி அவ்வளவு இறுக்கம்.

விதியைத் தளர்த்துங்கள். 'உனக்கு மட்டும் தாயத்துக்கும் காய் இறங்கும், அஞ்சுக்கும் இறங்கும்' என்று ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். வாய்ப்பு நாலில் ஒன்றாகும். பத்து உருட்டிலும் இறங்காமல் தவிப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். கட்டையைத் திருப்பி வைத்தால் காய் இறக்கியது நீங்கள். விதியைத் தளர்த்தினால் இறக்கியது அவள். உள்ளங்கைகளுக்கு நடுவே கட்டையைத் தேய்த்துத் தரையில் விட்டுவிட்டு, அது நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாளே, அந்த நொடி பொய்யாகக் கூடாது.

*வாசகர், கீரனூர்*
சகுனியும் உங்கள் கேம் மாஸ்டரும் ஒன்றா?

இல்லை. சகுனி துரியோதனனுக்காக, ஜெயிப்பதற்காக உருட்டியவன். கேம் மாஸ்டருக்கு ஜெயிக்கவோ தோற்கவோ எதுவும் கிடையாது. பெரும்பாலும் பாசத்தில்தான் எண்ணை மாற்றுகிறார். தந்தையின் எலும்பில் செய்த பகடை சகுனி சொன்னபடி உருண்டது என்பது மக்கள் வழக்கில் வளர்ந்த கதை, வியாச பாரதத்தில் கிடையாது. அந்தக் கதை ஏன் இத்தனை ஆழமாக ஊன்றிவிட்டது என்று யோசித்துப் பாருங்கள். தருமன் தோற்றதை ஏற்றுக்கொள்கிற மனம், பகடையில் கள்ளம் கலந்ததை ஏற்பதில்லை.

*ஆசிரியை, இலுப்பூர்*
எல்லாவற்றையும் வெளிச்சத்தில் உருட்டினால் மர்மம் என்ன ஆவது?

மறைப்பது வேறு, மாற்றுவது வேறு. கதவுக்குப் பின்னால் பொறி இருப்பதை வீரன் கவனித்தானா என்பதை வெளியே உருட்டினால், விழுந்த எண்ணே பொறியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைத்து உருட்டுவதுதான் நியாயம். உள்ளே விழுந்த எண்ணுக்கு நடத்துபவர் கட்டுப்பட்டால் போதும். வாள்வீச்சு, உயிர்போகும் விஷம், கயிறு அறுமா அறாதா என்பவற்றை மட்டும் நடு மேசையில் உருட்டுங்கள். எல்லோரும் எழுந்து நின்று குனிந்து பார்ப்பார்கள். அந்த உற்சாகத்தை எந்த வர்ணனையாலும் உண்டாக்க முடியாது.

*வழக்கறிஞர், திருமயம்*
யார் கண்ணுக்கும் தெரியாமல் நல்லது நடந்தால் என்ன குறை? இதற்கெல்லாம் நம் மரபில் ஏதாவது முன்னுதாரணம் உண்டா?

இருக்கிறது, கல்வெட்டாகவே. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) பாருங்கள். குடும்பு (ஊர்ப் பகுதி) வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச்சபையின் வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். குடத்தைச் சபை முழுதும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருந்த நம்பிமாரும் (கோயில் அர்ச்சகர்களும்) வாசிக்க வேண்டும்.

விரலை விரிக்கச் சொன்னார்களே, அதைக் கவனியுங்கள். மத்தியஸ்தன் கெட்டவன் என்று அவர்கள் நினைக்கவில்லை. நல்லவனாகவே இருந்தாலும் தற்செயலின் முடிவு ஒருவன் கைக்குள் மூடியிருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். விளையாட்டுக்கும் அது பொருந்தும்.

*மாடுபிடி ரசிகர், கந்தர்வகோட்டை*
நடத்துகிறவருக்குக் கொஞ்சமாவது நெகிழ்வு வேண்டாமா?

நிறையவே வேண்டும், முன்கூட்டியே. உங்கள் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு. திமிலை எப்படிப் பிடிக்க வேண்டும், எதுவரை விடாமல் பிடித்தால் பரிசு என்பதெல்லாம் வாடிவாசல் திறக்குமுன் சொல்லிவிடுகிறார்கள். காளை பாய்ந்த பிறகு விதியை மாற்றினால் களமே கொந்தளிக்கும். கேம் மாஸ்டரும் எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், தப்பியோட வழி வைக்கலாம், உருட்டாமலேயே 'நீ தாண்டிவிட்டாய்' என்றும் சொல்லலாம். எல்லாம் பகடை கையைவிட்டுப் போகும்வரை.

*பொறியாளர், பொன்னமராவதி*
கம்ப்யூட்டர் கேம்கள் மட்டும் நேர்மையாகவா உருட்டுகின்றன?

எல்லாம் அப்படியில்லை. 'சிவிலைசேஷன்' வடிவமைப்பாளர் சிட் மையர் 2010-ல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் வெளிப்படையாகவே பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று பலம் காட்டிய சண்டையில் தோற்றால், கணக்குப்படி நாலில் ஒரு தடவை அது நடக்கும் என்பதை ஆடுபவர்கள் ஏற்கவில்லை. அதனால் அவர்கள் மனம் எதிர்பார்ப்பதற்கு ஏற்ப ஆட்டத்தைத் திருத்தினார்களாம். இயந்திரத்தோடு உங்களுக்கு நட்பில்லை, மன்னித்துவிடலாம். மேசைக்கு எதிரே இருப்பவன் உங்கள் நண்பன்.

*வாசகி, ஆலங்குடி*
கதை பெரிதா, பகடை பெரிதா?

கதை. அதனால்தான் சொல்கிறேன்: முடிவு உங்களுக்குத் தெரிந்த இடத்தில் பகடையை எடுக்காதீர்கள். எது வந்தாலும் கதை தாங்கும் என்ற இடத்தில் மட்டும் உருட்டுங்கள். 2010-ல் வின்சென்ட் பேக்கர் கொண்டுவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஆட்டத்தில் நடத்துபவர் பகடையைத் தொடுவதே கிடையாது. உருட்டுவதெல்லாம் ஆட்டக்காரர்கள்தான். அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

*வாசகர், விராலிமலை*
'மாற்றுவதானால் மாற்றிக்கொள், எங்களிடம் சொல்லாதே' என்று ஆடுபவர்களே சொன்னால்?

தாராளமாக. ஆடுகிற எல்லோரும் ஒப்பினால் அது உங்கள் வீட்டு விதி. ஒருவர் தயங்கினாலும் வேண்டாம்.

*ஆட்டக்காரர், புதுக்கோட்டை*
எங்கள் கேம் மாஸ்டர் எண்களை மாற்றுகிறார் என்று சந்தேகம். எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடட்டுமா?

வேண்டாம். தனியாக டீ குடிக்கக் கூப்பிடுங்கள். அந்த மேசையில் அதிகம் உழைப்பவர் அவர்தான். நீங்கள் ஆட வந்து உட்காருமுன் வரைபடம் வரைந்து, ஊருக்கும் பேருக்கும் பிறவி கொடுத்து, இருபது பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறார். அதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, 'மாற்றினாயா?' என்று விசாரிக்காமல், 'அடுத்த தடவை முக்கியமான உருட்டையெல்லாம் நடுவில் போடேன், எங்கள் ஆள் செத்தாலும் பரவாயில்லை' என்று சொல்லுங்கள். பல கேம் மாஸ்டர்கள் எண்ணை மாற்றுவது நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்ற பயத்தில்தான். தோற்கத் தயார் என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவருக்கு மறைக்க எதுவும் இருக்காது.