திறந்தாச்சு, உள்ளே வராதீர்!

கேளிக்கைப் பூங்காவில் புது ரோலர் கோஸ்டர் வந்தால், பொதுமக்களுக்கு முன் நிருபர்களை ஏற்றிச் சுற்றவிடுகிறார்கள். நியாயம்தானே? வரிசையில் நிற்காதவர் முகத்தில்தான் சிரிப்பு தங்கும்; அலறல் கேமராவில் அழகாகப் பதியும்; பெல்ட் மாட்டுகிற பையனுக்கும் கை பழகும். ஆனால் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். அவசரக்காரர்கள்!

அவர்கள் திருச்சியிடம் பாடம் கேட்கலாம். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவான புது விமான முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்துவைத்தார். முகப்பையும் ஓவியங்களையும் கேமராக்கள் கண்குளிரப் பார்த்தன. பெட்டியோடு பயணி நுழைந்தது ஜூன் 11-இல். ஐந்து மாதம் டிராலி உருளாத தரை! சிங்கப்பூருக்கே வாய்க்காத பாக்கியம்.

அதே திருச்சியின் பஞ்சப்பூரில் இந்தத் தரம் சரிந்தது வருத்தமே. பேருந்து முனையத்தை முதல்வர் 2025 மே 9-இல் திறந்தார்; ஜூலை 16-இலேயே பஸ்களை விட்டுவிட்டார்கள். குழந்தையும் கட்டைப்பையும் மணப்பாறை முறுக்குமாக ஜனங்கள் வந்திறங்கி, படத்தில் பளபளத்த இடத்தை வெறும் பஸ் ஸ்டாண்டாக்கிவிட்டார்கள். இனி தேர்தலுக்குத் தேர்தல் திறப்பு விழா மட்டும் நடத்துவது கட்டடத்துக்கும் நல்லது.

ஊரில் இந்த நாகரிகம் எட்டாத இடம் ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விடியலில் சொர்க்கவாசல் திறக்கிறது. டிவி கேமராக்கள் தயார். நம்பெருமாள் முதலில் போகிறார். அதோடு சாத்திவிட வேண்டாமா? பின்னாலேயே ஜனங்களையும் விட்டுவிடுகிறார்கள்! இத்தனை நூற்றாண்டு அனுபவமிருந்தும், திறப்பு விழா நடத்தத் தெரியாத நிர்வாகம்.