ஊரறிந்த ரகசியம்

ரகசியம் காக்கவென்றே சங்கம் வைத்தவர்கள் ஃப்ரீமேசன்கள். அவர்களும் அவர்களுடைய எதிரிகளுமாக முந்நூறு ஆண்டுகளாக அச்சடித்துத் தள்ளியிருக்கும் புத்தகங்களை வைக்க ஒரு தெருவே போதாது. என் ஒற்றை அலமாரி எந்த மூலைக்கு?

நான் ஃப்ரீமேசன் இல்லை; அவர்களைப் பற்றிய பழம்புத்தகங்களைச் சேர்க்கிறவன், அவ்வளவே. சொன்னால் யாரும் நம்புவதில்லை. "மெம்பரா இருந்தாலும் இப்படித்தானே சார் சொல்வீங்க?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான்.

இந்தச் சேகரிப்பாளர்களின் குலதெய்வம், 1723இல் லண்டனில் வெளியான ஜேம்ஸ் ஆண்டர்சனின் சட்டநூல். ஆண்டர்சன் ஸ்காட்லாந்துப் பாதிரியார். சங்கத்தின் வரலாற்றை ஆதாமிலிருந்து தொடங்கிவிட்டார். நம் ஊர் சாதிப் புராணக்காரர்கள்கூட எழுதுவதற்கு முன் சற்று யோசித்திருப்பார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1734இல் ஃபிலடெல்ஃபியாவில் அதை மறுபதிப்புச் செய்தார். இரண்டில் எதுவும் என்னிடம் இல்லை. ஏலப் பட்டியலில் படத்தைத் தரிசித்து, விலையைக் கண்டதும் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

எனக்குப் பிடித்தவை காட்டிக்கொடுத்த புத்தகங்கள். 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சங்கத்தின் சடங்குகளைக் கேள்வி–பதிலாக எழுதிச் சின்னப் புத்தகமாக விற்றார். துரோகி என்று திட்டிய உறுப்பினர்களே அதை வாங்கினார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சடங்கை எழுதிவைக்கத் தடை; மனப்பாடமோ செய்தாக வேண்டும். பாவம், கோனார் உரை இல்லாமல் எப்படிப் பாஸ் பண்ணுவது? அமெரிக்காவில் இதே வேலையில் இறங்கிய வில்லியம் மார்கன் 1826இல் கடத்தப்பட்டார். அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. புத்தகம் மட்டும் தவறாமல் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. ஃப்ரீமேசன்களை எதிர்த்து ஓர் அரசியல் கட்சியே முளைத்தது.

உறுப்பினர்களுக்கான பயிற்சிப் புத்தகங்களில் ஒரு வகை உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து மட்டும் இருக்கும், மிஞ்சினால் இரண்டு. மிச்சம் அவரவர் மண்டைக்குள். அப்படி ஒன்றை வாங்கி வந்தேன். என் மனைவி புரட்டிப் பார்த்துவிட்டு, "முக்கால்வாசி எழுத்தைக் காணோமே, கால் விலைக்குக் கேட்டீங்களா?" என்றாள்.

பொய்ப் புத்தகங்களின் ருசியே தனி. 1890களில் பிரான்ஸில் தவணை தவணையாக வந்த 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாத்தான்' என்ற நூலில், ஃப்ரீமேசன்களின் சாத்தான் வழிபாடு இலங்கையிலும் புதுச்சேரியிலும்கூட நடக்கிறது. ஓரிடத்தில் இறக்கை முளைத்த முதலை ஒன்று பியானோ வாசிக்கிறது. இதைப் படித்தவர்கள் பயந்தார்கள்! இந்தக் கூத்தின் சூத்திரதாரி லியோ டாக்ஸில் 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் போட்டு, பன்னிரண்டு வருடமாக விட்டதெல்லாம் புளுகு என்று அறிவித்தார். முதலையை நம்பியவர்களில் சிலர் அவரை நம்ப மறுத்துவிட்டார்கள்.

நான் உண்மையில் தேடுவது வேறு. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். லண்டன் தலைமைச் சபை பூரித்துப்போய், வாழ்த்து மடலோடு நீல நிற ஏப்ரனும், ஆடம்பரமாக பைண்டு செய்த சட்டநூல் ஒன்றும் அவருக்கு அனுப்பிவைத்தது. அவர் பாரசீகத்தில் நன்றி எழுதினார். அந்தப் புத்தகம் எனக்காகத்தான் எங்கேயோ காத்திருக்கிறது என்பது என் கட்சி.

அதனால் நவாபுகள் வாழ்ந்த திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் பழைய பேப்பர் கடைகளில் எட்டிப்பார்ப்பேன். தோல் அட்டை, தங்க எழுத்து, இருநூறு வருஷத்துக்கும் மேல் பழசு என்று ஒரு கடைக்காரரிடம் அங்க அடையாளம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த மாதிரி அப்பப்ப வரும் சார். அட்டையைக் கிழிச்சுட்டுத்தான் எடை போடுவோம். உங்களுக்கு அட்டையும் வேணும்னா முன்னாடியே சொல்லிடணும்."