டெல்லி இனிஷியல் போட்ட கிருமி

1884-ல் பெர்லினில் ஆளாளுக்கு ஒரு கிருமியைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராமுக்குக் கிடைத்தது நகர மருத்துவமனையின் பிணவறை. நிமோனியாவில் செத்தவர்களின் நுரையீரல் துணுக்குகளுக்கு ஊதாச் சாயம் போட்டு, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் அலசினார். சில கிருமிகள் ஊதாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன, சில கைவிட்டன. கைவிட்டவை கண்ணுக்கே தெரியாமல் போயின. முறை அரைகுறைதான் என்று மனுஷன் கட்டுரையிலேயே எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் சாயம் போனதற்கு ரோஸ் பூசி, கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டு வகுப்பு பிரித்தார்கள். அந்த அரைகுறையில்தான் இன்றைக்கும் எல்லா லேப்பிலும் காலை வேலை ஆரம்பிக்கிறது.

பிணவறையில் கிராமுக்கு இடம் கொடுத்தவர் கார்ல் ஃப்ரீட்லேண்டர். 1882-லேயே நிமோனியா நுரையீரலில், தடித்த போர்வை போர்த்திய ஒரு கிருமியைப் பார்த்துச் சொன்னவர். கொஞ்ச காலம் அது அவர் பெயரில்தான் நடமாடியது. கடைசியில் பேர் போய்ச் சேர்ந்தது எட்வின் க்ளெப்ஸ் என்ற வேறொருவருக்கு: க்ளெப்சியெல்லா. பெற்றவர் ஒருவர், ரேஷன் கார்டில் இன்னொருவர். 1885-ல் கைக்குழந்தைகளின் மலத்தைக் கிளறி ஒரு கிருமியைக் கண்டுபிடித்த தியோடர் எஷரிக் மட்டும் கொடுத்துவைத்தவர். அந்தக் கிருமிக்கு 1919-ல் அவர் பெயரையே சூட்டினார்கள், கொழும்பில் உத்தியோகம் பார்த்திருந்த காஸ்டெல்லானியும் சால்மர்ஸும். ஈ.கோலையில் இருக்கும் 'ஈ' அந்தப் புண்ணியவான்தான்.

க்ளெப்சியெல்லா, ஈ.கோலை இரண்டுமே கிராம் நெகட்டிவ், இரண்டுமே ஆஸ்பத்திரியின் நிரந்தர வாடிக்கையாளர்கள். மூத்திரக் குழாய், வென்டிலேட்டர், கையில் ஏற்றிய ஊசி என்று எங்கே வழி கிடைத்தாலும் உள்ளே வந்துவிடும். காலுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் காய்ச்சலோடு படுத்தால், மூத்திரத்தை எடுத்து மெக்கான்கி தட்டில் கோடு கிழிப்பார்கள். மறுநாள் காலை ரோஸ் நிறத்தில், கொழகொழவென்று, மூக்கு ஒழுகிய பிள்ளை போட்ட பொட்டு மாதிரி பூத்திருந்தால் க்ளெப்சியெல்லாவாக இருக்கலாம் என்று டெக்னீசியனுக்குச் சந்தேகம் வந்துவிடும். மேற்கொண்டு சோதனைகள் செய்து பேரை உறுதி செய்வார்கள். பிறகு வேறொரு தட்டில் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்பார்கள். வில்லையைச் சுற்றி வெட்டவெளி விழுந்தால் மருந்து வேலை செய்கிறது, விளிம்பு வரைக்கும் கிருமி மொய்த்திருந்தால் டாக்டருக்கு அன்று தூக்கம் இல்லை.

டாக்டர்களின் கடைசிக் கையிருப்பு கார்பபெனம் மருந்துகள். 2008 ஜனவரியில் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் கிடைத்த க்ளெப்சியெல்லா அதற்கும் அசையவில்லை. அவர் இந்திய வம்சாவளி. சில வாரம் முன்புதான் டெல்லி மருத்துவமனையில் படுத்து எழுந்தவர். கிருமி செய்த ஒரு நொதி, இரண்டு துத்தநாக அணுக்களைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தின் வளையத்தை உடைத்தது. இது போதாதென்று, அதே ஆளின் மலத்திலிருந்த ஈ.கோலையிடமும் அதே மரபணு! நடந்தது அநேகமாக இதுதான்:

"மச்சான், பிட் இருக்கு, வேணுமா?"

"என்ன பாடம்?"

"கார்பபெனம்."

"குடு, குடு."

அந்தப் பிட்டுக்குப் பிளாஸ்மிட் என்று பேர். கிராமிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் குலம் கோத்திரம் பார்த்துப் பிரித்துவைத்த அத்தனை பட்டியலையும், அடுத்த வீட்டுக்குக் காபிப்பொடி கொடுக்கிற சுலபத்தில் தாண்டிவிட்டான் பயல்.

அந்த நொதி புதுச் சரக்கு என்பதால் 2009 டிசம்பரில் பேர் வைத்தார்கள்: நியூ டெல்லி மெட்டாலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்-1. இந்த நொதிக் குடும்பத்தில் ஊர்ப்பேர் வைப்பது வழக்கம்தான். வெரோனா, சாவ் பாவ்லோ, சியோல் எல்லாம் ஏற்கெனவே மாட்டியிருந்தன. அந்த மனிதர் டெல்லிக்குப் போகாமல் ஏற்காட்டுக்கு வந்து எங்கள் மஞ்சக்குட்டையில் வழுக்கி விழுந்திருந்தால், உலகத்து ஐ.சி.யூ. எல்லாம் மஞ்சக்குட்டை, மஞ்சக்குட்டை என்று அலறியிருக்கும். நாங்கள் கோபப்பட்டிருக்க மாட்டோம்; வ்யூ பாயின்ட் போகிற வழியில் இன்னொரு பலகை வைத்திருப்போம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பெயரைச் சேலம் தட்டிக்கொண்டு போயிருக்கும். மாம்பழத்தில் வாங்கிய பெயர் போதாதா அந்த ஊருக்கு?

2010 மார்ச்சில் இந்திய மருத்துவர்கள் சங்கத்தின் இதழில் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள்: மூன்றே மாதத்தில், தங்கள் ஆஸ்பத்திரியில் கார்பபெனத்துக்கு அடங்காத 24 கிருமிகளில் 22-ல் என்.டி.எம்-1. அதே இதழில் சென்னை டாக்டர் அப்துல் கஃபூர், ஆன்டிபயாடிக்குகளுக்கு இரங்கல் குறிப்பே எழுதிவிட்டார். டெல்லியில் ஒரு ஈ, காக்கை அசையவில்லை.

ஆகஸ்டில் அதே சங்கதி லண்டன் 'லான்செட்' குழுமத்தின் இதழில் வந்தது. கட்டுரையில் முதல் பேர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமிகள். கூடவே, அறுவை சிகிச்சைக்கு இந்தியா போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் சில வரிகள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழுந்தது. சுகாதார அமைச்சகம் அறிக்கை விட்டது, நாடாளுமன்றத்தில் பன்னாட்டுக் கம்பெனிகளின் சதி என்றார்கள். சில கருத்துகளில் தனக்கு உடன்பாடில்லை என்று கார்த்திகேயனே சொல்ல வேண்டியதாயிற்று. நாட்டின் கௌரவத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்களில் ஐ.சி.யூ.வில் கை கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனவர் எத்தனை பேரோ!

2011 ஜனவரியில் 'லான்செட்' ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் இந்தியாவுக்கு வந்து, ஊர்ப்பேர் வைத்தது தப்புத்தான் என்று மன்னிப்புக் கேட்டார். நாம் ஜெயித்தோம். ஏப்ரலில் அடுத்த கட்டுரை: டெல்லியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் 171-க்கு 51 மாதிரியில் அந்த மரபணு, குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2. காலராக் கிருமிவரை 'பிட்' போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடி மறுப்பு அறிக்கை.

2012-ல் சென்னையில் டாக்டர்கள் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக்குகளைப் பற்றி ஒரு பிரகடனம் போட்டன, கஃபூர்தான் முன்னால் நின்றார். 2014 மார்ச்சிலிருந்து சில முக்கிய ஆன்டிபயாடிக்குகளை மருந்துக்கடையில் விற்கும்போது நோயாளி பேரையும் டாக்டர் பேரையும் தனி நோட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. நோட்டு எழுதுகிற கடைகளும் உண்டு.

மன்னிப்புக் கேட்டாலும் பேர் மாறவில்லை. எகிப்திலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு நோயாளியிடம் அடுத்த வகை அகப்பட்டது, அதுவும் என்.டி.எம்-2 ஆனது. இப்போது 20-ஐத் தாண்டிவிட்டது; எங்கே பிறந்தாலும் இனிஷியல் டெல்லிதான்.