மெழுகுசாமி

கார் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம், துடைக்கிறவர்கள் இன்னொரு ரகம். சென்னை அடுக்ககம் எதில் தேடினாலும் இரண்டாம் ரகத்தில் ஒருவர் அகப்படுவார். பணி ஓய்வு, வெள்ளை பனியன், தோளில் மைக்ரோ ஃபைபர் துணி. வாட்ச்மேன் உள்பட எல்லோருக்கும் அவர் மெழுகுசாமி. அவர் காதில் விழும்போது மட்டும் சார்.

ஊருக்கு மூன்று பருவம், அவர் காருக்கு மூன்று பூச்சு. "சித்திரை பிறந்தா பாலிமர், தம்பி. ஐப்பசி அடைமழைக்கு முந்தி அதுவே இன்னொரு கோட்டு. மார்கழிக்குக் கார்னாபா!" கார்னாபா என்று சொல்லும்போது குரலில் பக்தி ஏறும். வடகிழக்கு பிரேசிலில் ஒருவகைப் பனையின் ஓலைமேல் படிகிற மெழுகு அது. 80 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். "அப்போ கத்திரிக்கும் அதையே பூசலாமே சார்?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு ஆபீஸ் லேட்.

"உருகாதுதான். ஆனா நம்ம வெயிலுக்கு ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. பாலிமர் நாலஞ்சு மாசம் நிக்கும். கார்னாபா அழகுக்கு, பாலிமர் ஆயுசுக்கு." சாக்லேட்டுக்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாக இதே கார்னாபா உண்டு என்பதையும் சொல்லி முடிப்பார். அவர் பிரஷர் மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

பூசுவது விடியற்காலையில்தான். சூடேறிய தகட்டில் மெழுகு சட்டென்று காய்ந்து ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் திட்டுத் திட்டாய் நிற்கும். அதனால் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல முதலில் பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "ஏங்க, அப்படியே உங்க வழுக்கைக்கும் ஒரு கோட்டு போட்டுக்குங்க, வெயில் தாங்கும்" என்று மாடியிலிருந்து மனைவியின் குரல் வரும். ஒருநாள் வாட்ச்மேன் உதவப் போய்ப் பாத்திரம் கழுவும் திரவத்தை வாளியில் ஊற்றிவிட்டார். அது பழைய மெழுகை உரித்துவிடும் என்ற பாடம் அரை மணி நேரம் நடந்தது.

இத்தனைக்கும் அந்தக் கார் நிற்பது கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, உறை போர்த்தி. வெயில் எட்டாது, மழை எட்டாது, காக்கை எச்சம்கூட எட்டாது. மழைக்காலம் வந்தால் அவர் வெளியே போவது ஆட்டோவில். மெழுகு வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே! ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது முத்து முத்தாய் உருண்டு ஓடுவதைப் பார்த்து ரசிப்பார். அதுவும் கேன் தண்ணீர். போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு வெள்ளைப் புள்ளியாய் நின்றுவிடுமாம். வீட்டில் சாம்பார் கொதிப்பது போர் தண்ணீரில்.

போன மாதம் பழைய கார் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். உறையை விலக்கியதும் அவர் கண் கூசியது. சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பானெட்டை விரலால் தட்டினார்.

"பெயின்ட் இவ்வளவு புதுசா இருக்கே, எங்க சார் இடிச்சீங்க?"

விலை பேச்சு அத்தோடு நின்றது. மெழுகுசாமிக்குக் கோபமெல்லாம் இல்லை. அந்த ஆள் தட்டிய இடத்தில் விரல் தடம் விழுந்துவிட்டதே, துணியை எடுக்க ஓடினார்.