பெரிய லீக்: ஆரணிச் சேலையின் பதவி உயர்வு குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் ஒருவர் தம் துறையின் உச்சத்துக்குப் போனால் 'பெரிய லீக்குக்குப் போய்விட்டார்' என்பார்கள். பேஸ்பால் கொடுத்த பேச்சு. 1876-ல் தேசிய லீக், 1901-ல் அமெரிக்க லீக். இன்று இரண்டிலுமாக 30 அணிகள். அவற்றுக்குக் கீழே சின்ன லீக்குகள், படிப்படியாக. 2008-ல் பிட்ஸ்பர்க் அணி நம் நாட்டு இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இருவருமே பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. ரிங்கு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

மனிதருக்கு இத்தனை கஷ்டமான ஏற்றம் ஆரணிப் பட்டுச் சேலைக்கு வெகு சுலபம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கமண்டல நாகநதிக் கரையில் தறியிலிருந்து அறுத்தெடுக்கும்போது அது ஆரணிப் பட்டு. பேருந்து ஏறி, செய்யாறு தாண்டி, காஞ்சிபுரத்தில் ஏதோ ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்குள் புகுந்ததும் 'அசல் காஞ்சிப் பட்டு'. தூரம் சுமார் 60 கிலோமீட்டர். வழியில் அது எடுத்துக்கொண்ட பயிற்சி, கட்டைப்பைக்குள் மடிந்து கிடந்தது மட்டுமே. நெய்தவர் அதே பேருந்தில் போனால் டிக்கெட்தான் மிச்சம், கூலி கூடாது.

மறுப்பு எழலாம். காஞ்சிக்குக் கோர்வை உண்டு: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், கரைக்குத் தனி நாடா, அதைப் போட்டுத் தரத் தறியில் பக்கத்திலேயே ஒரு துணையாள். எடையும் கூடுதல். ஆரணிச் சேலை பொதுவாக இலேசானது. எல்லாம் மெய். ஆனால் ஓமப் புகையில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுந்த கல்யாணப் பெண்ணை ஒருமுறை கேட்டுவிட்டு எடையைப் பற்றிப் பேசலாம்.

வரலாற்றுச் சான்றும் உண்டு. 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆரணியருகே சண்டையிட்டு ஜெயித்தார். ஆனால் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது ஆற்காடு. சரக்கு கொடுப்பது ஆரணி, பேர் வாங்குவது பக்கத்து ஊர் என்ற விதி பட்டுக்கு மட்டுமானதல்ல போலும்.

இத்தனைக்கும் ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் ஆரணி காஞ்சியின் சின்ன லீக் அல்ல, தனி லீக்.

எனவே வாசகர்களே, அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்கும்போது 'எந்த ஊர்த் தறி?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆரணி என்று உண்மையைச் சொன்னால், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.