மூடாத மேற்கோளும் திறக்காத ‘எண்டு’வும்: கப்பல்துறைத் தேநீர்க்கடைப் பேச்சுக்கு நிறமேற்றல் பற்றிய ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், நிரல் எழுதும் பதிப்பான் ஒன்று சொற்களுக்கு நிறமேற்றும் முறையால் கப்பல்துறையில் பேசப்படும் தமிழுக்கும் நிறமேற்றலாகுமா என ஆராய்தல் நுதலிற்று. அதனாற் பயன் என்னையோ எனின், ஒன்றுமில்லை. எவரிடமும் நிதி கேட்காத ஆய்வுக்குப் பயன் காட்டும் கடப்பாடும் இல்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஆய்வுக் களம், கப்பல்துறையில் திருகோணமலை - கண்டி வீதியோரத்துத் தேநீர்க்கடை. கருவிகள்: ஈமாக்ஸ் நிறுவிய பழைய மடிகணனி, பிளேன்ரீ, கடைக்காரரின் பொறுமை. மாதிரித் தொகுதி: பெஞ்சில் இடம் பிடித்தவர்கள். கடன் கொப்பியைத் தரவாகத் தர முடியாது என்று கடைக்காரர் மறுத்துவிட்டதால் வாய்மொழித் தரவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

பதிப்பான்கள் பல இருக்க ஈமாக்ஸ் ஏன் என்பது முதல் தடை. விடை: குனூ ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்த நாள் முதல் அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியிலேயே எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் விதியை நாம் மாற்றலாம், அது கோபிக்காது. அதே 1985இல் ஐ.பி.எம்.மின் மைக் கௌலிஷோ, ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைப் பதிப்பிப்பதற்காக லெக்ஸ் என்ற பதிப்பானை எழுதினார். தட்டத் தட்டவே பகுத்து நிறம் காட்டிய முன்னோடிகளுள் ஒன்று அது. அந்த அகராதியோ மேற்கோள்களால் நிரம்பியது. ஆக, இந்தக் கலை பிறந்தபோதே அதன் மடியில் மேற்கோள் இருந்தது. இதைத் தற்செயல் என்று கூறுவோர் கூறட்டும்.

இனி முறை. ஈமாக்ஸ் இரண்டு சுற்றில் நிறமேற்றும். முதற் சுற்றுக்கு ஆதாரம் தொடரியல் அட்டவணை. அதில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு உண்டு: சொல்லில் வருவது, இடைவெளி, நிறுத்தக்குறி, திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, மேற்கோள், குறிப்புரையைத் தொடங்குவது, முடிப்பது, தனக்கு அடுத்துள்ள எழுத்தின் வல்லமையைப் பறிக்கும் சாய்கோடு. வகுப்பு மொழிக்கு மொழி மாறும். அரைப்புள்ளி லிஸ்ப்பில் குறிப்புரையைத் தொடங்கிவைக்கும் பெரிய மனிதர். சி மொழிக்குள் வந்தால் வெறும் நிறுத்தக்குறி. ஊர் மாறினால் செல்வாக்குப் போவது மனிதருக்கு மட்டும் உரியதன்று.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பான் கோப்பின் தலையிலிருந்து நடந்து வருகிறது. எழுதியவர் என்ன சொல்கிறார் என்பது அதற்குத் தேவையில்லை. முதற் சுற்றில் அது தன்னைக் கேட்பது, ‘நான் இப்போது மேற்கோளுக்குள் நிற்கிறேனா, குறிப்புரைக்குள் நிற்கிறேனா, இரண்டுக்கும் வெளியிலா’ என்பதே. குறிப்புரையை விட்டுவிட்டால், இதுவரை கண்ட மேற்கோள்குறிகள் ஒற்றையா இரட்டையா என்ற கணக்குத்தான் மிச்சம்.

இதிலிருந்து விளைவது யாதெனின், ஒரு மேற்கோள்குறியை மூட மறந்தால் அந்த வரியோடு வினை தீராது. கீழே உள்ள முழுக் கோப்பும் தலைகீழாகும். அடுத்து வரும் திறப்பு, மூடலாகும். அதற்கடுத்த மூடல், திறப்பாகும். கட்டளைகள் எல்லாம் வெறும் பேச்சாகி, மேற்கோளுக்குரிய சர நிறத்தில் நிற்கும். ‘வணக்கம்’, ‘தவறான கடவுச்சொல்’ முதலிய வெறும் பேச்சுகளோ கட்டளைகளின் இடத்தில் வந்து குந்தும். இது மாயம் அன்று. ஒற்றை இரட்டையானதன் விளைவு. ஷெல் நிரலில் ‘டோன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மேற்கொம்பு ஒன்றே இதற்குப் போதும். தமிழில் மேற்கொம்பு இல்லாததால் நம்மவர் இந்த ஆபத்திலிருந்து தப்பினர். நம்முடைய ஆபத்து வேறு. அது பின்னர்க் கூறப்படும். சி மொழிக்கென ஈமாக்ஸ் வைத்திருக்கும் விதித்தொகுப்பான ‘முறைமை’ இப்போது திருந்தி, மூடாத மேற்கோளை அந்த வரியோடு நிறுத்தி, திறந்த குறிக்கு எச்சரிக்கை நிறம் பூசுகிறது.

இரண்டாம் சுற்று தேடல் கோலங்களால் ஆனது. சிறப்புச்சொற்களின் பட்டியலைக் கொடுத்தால், முதற் சுற்றில் நிறம் பெறாத இடங்களில் அவற்றைத் தேடி நிறம் பூசும். இங்கே தமிழ் நிரல்மொழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும், ‘நிரல்பாகம்’ செயற்கூற்றைத் தொடங்கும், ‘முடி’ முடிக்கும். கோலத்தில் ‘முடி’ என்று மட்டும் எழுதி எல்லை சொல்லாமல் விட்டால், ‘முடிவு’ என்று நாம் பெயரிட்ட மாறியின் முன்பாதி ஊதாவாகும்; ‘வு’ மட்டும் கறுப்பாக நிற்கும். எல்லை சொன்னாலும் சிக்கல் உண்டு. பைதான் மொழியின் வழக்கமான தேடல் நூலகத்துக்கு உயிர்க்குறிகளும் புள்ளியும் சொல்லெழுத்துகளே அல்ல. ‘மு’வில் மகரத்துக்கும் உகரக் குறிக்கும் நடுவே சொல் முடிந்துவிட்டதாக அது எண்ணும். ஈமாக்ஸோ பல பைட்டு எழுத்து எதையும் முதலில் சொல்லெழுத்தாகவே வைத்துக்கொள்ளும். விசாரிக்காமல் எல்லாரையும் நல்லவராகக் கொள்ளும் இந்தப் பண்பு தமிழுக்கு வாய்ப்பாகிவிட்டது.

நிறம் எந்த நிறம் என்பது முற்றிலும் வேறு விவகாரம். கோலம் சொல்வது ‘இது சிறப்புச்சொல்’ என்ற வகையை மட்டுமே. அந்த வகைக்கு ஊதாவா பச்சையா என்பதைத் தோற்றத் தொகுப்பு முடிவு செய்யும். வெளிர் திரையில் ஈமாக்ஸின் வழக்கப்படி சிறப்புச்சொல் ஊதா, குறிப்புரை செங்கற் சிவப்பு, செயற்கூற்றின் பெயர் நீலம். மாற்றிக்கொள்ள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்த வகை - நிற வேறுபாட்டுக்குத் துறைமுகமே சான்று. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடப்புறம், பச்சை வலப்புறம். 1980இல் உலகக் கடல்கள் இரண்டு வலயங்களாகப் பிரிக்கப்பட்டன. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் கரைகளிலும் இந்த நிறங்கள் இடம் மாறி நிற்கும். ‘வாய்க்காலின் இடக்கரை’ என்ற வகை எங்கும் ஒன்றே. பூச்சு மட்டும் வேறு. கலிபோர்னியாவிலிருந்து வரும் மாலுமி தோற்றத் தொகுப்பை மாற்ற மறந்தால் கப்பல் தரை தட்டும். பதிப்பானில் தட்டுவது கண் மட்டுமே.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மையப்பொருளுக்குப் போகலாம். ஈமாக்ஸ் முழுக் கோப்புக்கும் நிறமேற்றுவதில்லை. அமைச்சர் வரும் வீதியின் மதிலுக்கு மட்டும் வெள்ளையடிப்பது போல, திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் பூசும். நாம் உருட்ட உருட்ட அது முன்னே ஓடிப் பூசும். ஓரிடத்தில் திருத்தினால் அந்த வரி உடனே மாறும். அரைச் செக்கன் கழித்து, திருத்தத்துக்குக் கீழே உள்ளவை மறுபடி சரிபார்க்கப்படும். கீழே என்பதை வாசகர் மனத்தில் வைக்க.

இனி நமது ஆபத்து. மேற்கண்ட ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: பேச்சு தொடங்கும்போதே தொடங்குகிறது என்று ஒரு குறி தெரியும். கப்பல்துறையில் அப்படி ஒன்று தெரிவதில்லை. பெஞ்சில் இருந்த இளைஞர் ஒருவர் கடைக்காரரிடம் சொன்னது அப்படியே கீழே:

“அண்ணே, நாளைக்குக் காசு தாறன், போன மாசக் கணக்கையும் சேர்த்துத் தாறன், வட்டி வேணுமெண்டாலும் கேளுங்கோ, நான் ஆரையும் ஏமாத்துற ஆளில்லை எண்டு போனவன், இண்டைக்கு வரை ஆளைக் காணேல்ல.”

இவ்வாக்கியம் நடந்துகொண்டிருந்தபோது கடைக்காரரின் முகம் கவனிக்கப்பட்டது. ‘நாளைக்குக் காசு தாறன்’ என்றதும் கரண்டி நின்றது. ‘போன மாசக் கணக்கையும்’ என்றபோது புன்னகை. ‘வட்டி’ வந்தபோது ஐயம் தொடங்கிவிட்டது. ‘எண்டு’ (‘என்று’ என்பதன் பேச்சு வடிவம்) விழுந்த கணத்தில் அதுவரை கேட்டதெல்லாம் ஒருசேர நிறம் மாறியது: தனக்குத் தரப்பட்ட வாக்குறுதி, எவனோ எவருக்கோ தந்துவிட்டு ஓடிய வாக்குறுதி ஆனது. “அப்ப நீ தரமாட்டியோ தம்பி?” என்றார் அவர்.

மூடுங்குறி உண்டு, திறக்குங்குறி இல்லை. நமது தொடரமைப்பில் ஆளும் சொல் இறுதியில் வருவதால் நேரும் கதி இது. கீழே மட்டும் சரிபார்க்கும் பதிப்பானுக்கு இங்கே வேலையே இல்லை. நிறம் மாற வேண்டியது மேலே. எழில் மொழி இந்தக் குழியை முன்பே கண்டு தாண்டியிருக்கிறது. அதில் நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே; தமிழுக்கு இயல்பான வரிசை. ஆனால் நிபந்தனைக்கு முன் ‘அட்’ (@) குறி ஒன்றை நட்டு, ‘இதோ தொடங்குகிறது’ என்று கணனிக்குக் கண் காட்டிவிடுகிறார்கள். கப்பல்துறையில் எவரும் ‘அட்’ சொல்லிவிட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை.

‘எண்டு’ கண்ட இடமெல்லாம் மேற்கோள் முடிந்தது எனக் கொள்ளலாமே எனின், ஆகாது. மேலே உள்ள ‘வேணுமெண்டாலும்’ எதையும் மூடவில்லை. ‘திடீரெண்டு வந்தான்’, ‘படாரெண்டு கதவைச் சாத்தினான்’ என்பவற்றில் எவரும் எதுவும் சொல்லவில்லை, கதவுதான் சொன்னது. தொல்காப்பியர் இடையியலில் ‘என’ என்ற சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைக்களம் வகுத்துப் போனார். தேடல் கோலம் எழுதுவோர் இதைப் படித்திருந்தால் கதவுச் சத்தத்துக்குச் சர நிறம் பூசும் இழுக்கு நேராது.

ஆயினும் ஈமாக்ஸ் நிரல்படும் பதிப்பான் அன்றோ? நிறமேற்ற வேண்டிய பகுதியை மேல்நோக்கி நீட்டும் செயற்கூற்றை நாமே எழுதிச் சேர்க்க அதில் இடமுண்டு. ‘எண்டு’ கண்டதும் பின்னோக்கி நடந்து, பேச்சு தொடங்கிய இடத்தைக் கண்டு, அதுவரை நிறத்தைத் திருத்தும் ‘கப்பல்துறை முறைமை’ ஒன்று இவ்வாய்வாளரால் வரையப்பட்டது. அதைச் சோதிக்கக் கடைக்காரரே ஒரு வாக்கியம் தந்தார்:

“தம்பி வெள்ளிக்கிழமை காசு குடுத்திட்டன் எண்டு சொன்னவன்.”

முறைமை ‘எண்டு’விலிருந்து பின்னோக்கிப் புறப்பட்டது. ‘குடுத்திட்டன்’ உள்ளே. ‘காசு’ உள்ளே. ‘வெள்ளிக்கிழமை’யில் வந்து நின்றுவிட்டது. காசு கொடுத்தது வெள்ளிக்கிழமையா, அப்படிச் சொன்னது வெள்ளிக்கிழமையா? முதலாவதாயின் அச்சொல் மேற்கோளுக்குள், இரண்டாவதாயின் வெளியே. இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. கொப்பி ஒன்றைத்தான் அனுமதிக்கும் என்றார் கடைக்காரர்.

2023இல் வந்த ஈமாக்ஸ் 29ஆம் பதிப்பு ட்ரீ-சிட்டர் என்னும் பகுப்பானோடு இணைந்து வேலை செய்யக் கற்றிருக்கிறது. அது கோலம் தேடாது. முழு இலக்கணத்தைக் கொண்டு வாக்கியத்தை மரமாகப் பகுக்கும். இரு வழி தெரிந்தால் இரண்டிலும் கிளைவிட்டுச் செல்லும். இரண்டும் இறுதிவரை பிழைத்தால், இலக்கணம் எழுதியவர் முன்கூட்டி இட்ட முன்னுரிமை எண் எதற்குப் பெரிதோ அதை ஏற்கும். தொல்காப்பியருக்கு வாய்க்காத வசதி இது.

இச்செய்தி பெஞ்சில் அறிவிக்கப்பட்டதும் அந்த எண்ணைத் தாமே இடுவதாகக் கடைக்காரர் முன்வந்தார். கடன் பட்டவர் இலக்கண விடயத்தில் தலையிடக் கூடாது என்பது அவர் கட்சி. கடன் கொடுத்தவரே எண்ணும் இட்டால் எந்தக் கிழமையும் மேற்கோளுக்குள் வராது என்பது தம்பியின் உறவினர் கட்சி. எண் ஒப்புக்கொள்ளப்படாமையால் முறைமையின் முதற்பதிப்பு வெளியீடு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அதுவரை அந்த வாக்கியத்தில் ‘வெள்ளிக்கிழமை’ கறுப்பிலேயே விடப்படும். கொப்பியில் தொகையும் அப்படியே.