கூரைக் கறை ஆராய்ச்சி

அடுக்களை சாஸ்திரத்தில் இதுகாறும் வித்வான்கள் கைவைக்காத துறை ஒன்று உண்டென்றால், அது மைக்ரோவேவ் அடுப்பின் உட்கூரையில் தெறித்துக் காய்ந்து கிடக்கும் கறையைப் பற்றியதே. பழம்பானை ஓட்டைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கும் பண்டிதர்கள், தினந்தோறும் தமக்குக் காப்பி சூடாக்கித் தரும் பெட்டிக்குள் அடுக்கடுக்காக உறைந்திருக்கும் இச்சாசனத்தை மட்டும் எட்டிப் பாராமல் விட்டதற்குக் காரணம், குனிந்தால் முதுகு வலிப்பதும், பார்த்துவிட்டால் துடைக்க வேண்டி வருமோ என்ற அச்சமுமேயன்றி வேறில்லை.

முதற்கண் பூர்வ சரித்திரம். 1945-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில், ரேடாருக்கு உரிய மாக்னெட்ரான் குழாயின் அருகே நின்ற பெர்ஸி ஸ்பென்ஸர் என்பாரது சட்டைப்பையிலிருந்த தின்பண்டம் உருகிற்று என்பதும், அதன்பின் அவர் முட்டையொன்றை வைத்துச் சோதித்தபோது அது வெடித்து உடனிருந்த ஒருவர் முகத்தில் அடித்தது என்பதும் கர்ணபரம்பரை. இதனால் ஆதிக் கறை விழுந்தது கூரையிலன்று, மனித வதனத்திலேயே என்பது பெறப்படும். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரமும் ஏறக்குறைய 340 கிலோ எடையும் உடையதாயிருந்தமையின் அக்காலத்துக் கறைகள் நம் ஆராய்ச்சிக்கு எட்டா. மேடைமேல் வைக்கத் தக்க சிறு வடிவம் 1967-இல் பிறந்த பிறகே கறை குடும்பத்துக்குள் புகுந்தது.

இனி வகை. தட்டுக் கறை கழுவினால் போவது, ஆதலின் விலக்கப்பட்டது. கதவுக் கறை, விருந்தாளி வருமுன் அவசரமாகத் துடைக்கப்படுவதாகலின், நிலையற்றது. எஞ்சுவது கூரைக் கறை.

அதன் உற்பத்தி வருமாறு. அடுப்பின் உட்சுவர் உலோகமாதலால் அலைகளைத் திருப்பியடிக்குமேயன்றி உட்கொள்ளாது; உட்கொண்டு கொதிப்பது பெரும்பாலும் பண்டத்திலுள்ள நீரே. ரசம் போன்ற மெலிந்த திரவம் தனக்குள் சுழன்று சூட்டைப் பங்கிட்டுக்கொள்கிறது. முந்தின நாள் பருப்போ, குளிர்பெட்டியில் இறுகித் தடித்தமையால், சுழல மாட்டாமல், உள்ளே திரளும் ஆவியை அடக்கிக்கொண்டே இருந்து, மூடி போடாதவர் வீட்டில், ‘டப்’பென்ற ஓசையோடு தன் ஒரு பகுதியை மேலுலகத்துக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்ட அத்துளி, மறுநாள் பாலுக்கும் அதற்கடுத்த நாள் சோற்றுக்கும் என்று பாய்ச்சப்படும் அலைகளில் தானும் பங்கு பெற்று, காய்ந்து, கருகி, கல்வெட்டின் காடின்யத்தை எய்துகிறது.

எமது இல்லத்துக் கூரையில் படலங்கள் மூன்று: அடியில் மஞ்சள், அதன்மேல் பாலின் வெண்மை, அதன்மேல் தக்காளிச் சிவப்பு. பின்னிரண்டிலும் விவாதமில்லை. மஞ்சட் படலத்தில் பதிந்திருந்த கரிய மணி ஒன்றே வித்வத் சபையைப் பிளந்தது. அது கடுகு என்பதில் இரு திறத்தாரும் உடன்பட்டனர். பருப்புக்குக் கடுகு தாளிக்கும் வழக்கம் இக்குடும்பத்தில் என்றும் இருந்ததில்லையாதலால் அது இடைச்செருகலே என்பது மாமியார் சம்பிரதாயம் (காண்க: கூடத்து ஊஞ்சல் வாய்மொழி, மாலைப் பகுதி). படலமே பருப்பன்று, சாம்பார். அதை மூடாமல் வைத்தவர் இன்னார் என்பதும் தெரியும் என்பது மருமகள் சம்பிரதாயம் (காண்க: பால் கணக்கு நோட்டின் பின்னட்டை உட்புறம், காஸ் பதிவு எண்ணுக்குக் கீழே, எண்ணெய் ஊறிய இடத்தில் தலைகீழாக எழுதப்பட்ட குறிப்பும், அதன்மேல் வேறு மையில் இடப்பட்ட கேள்விக்குறியும், அக்கேள்விக்குறி இடைக்காலத்தது என்று அத்தை தொலைபேசியில் அருளிய விருத்தியுரையும்). அது கரப்பானைச் சார்ந்த வஸ்து என்னும் மூன்றாம் கொள்கையும் ஒன்றுண்டு. சபை நாகரிகம் கருதி அதனை விரித்திலேம். இவர்கள் ஒருவரையொருவர் ‘பெரியவர்கள் அறியாததன்று’ என்று மரியாதையாகக் குத்திக்கொண்ட மாட்சி, ஓர் ஏட்டுச்சுவடியின் இரு பதிப்பாசிரியர்கள் எழுதிய முகவுரைகளை ஒத்திருந்தது. மூலத்தைத் தொட்டுப் பார்க்க எவரும் துணியவில்லை என்பதிலும் ஒற்றுமை குறையவில்லை.

ஆராய்ச்சி இவ்வாறு செழித்துவந்த ஒரு காலைப்பொழுதில், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, “ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கம்மா” என்றார். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, பழத்தை இரண்டாக நறுக்கிப் பிழிந்து தோலையும் அதிலேயே போட்டு, நான்கு நிமிஷம் ஓடவிட்டார். நின்றதும் கதவைத் திறக்காமல், ஆவி உள்ளேயே சுழன்று கறையை ஊறவைக்கட்டும் என்று மேலும் ஐந்து நிமிஷம் விட்டுவைத்தார். பிளக்கைப் பிடுங்கி, தட்டையும் அதனடியில் சுழலும் சக்கர வளையத்தையும் எடுத்துத் தனியே வைத்தார். கம்பி நாரைத் தொடவில்லை. உட்பூச்சு கீறிப்போகும் என்பது அவர் அறிந்ததே. பக்கவாட்டில் அட்டை போலிருக்கும் அப்ரகத் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் பொறி பறக்கும் என்று சொல்லி, அதை மட்டும் பூப்போல ஒற்றியெடுத்தார். பிறகு ஈரத் துணியால் கூரையில் ஒரே இழுப்பு. மூன்று படலங்களும், காலவரிசையைச் சற்றும் பொருட்படுத்தாமல், ஒன்றாக வந்துவிட்டன.

துணியில் ஒட்டியிருந்த கரிய மணியை நகத்தால் நசுக்கி மோந்து பார்த்த அவ்வம்மாள், “கடுகு இல்லீங்க, மிளகு. யாரோ வெண்பொங்கல் சுட வச்சிருக்காங்க” என்றார். மூலம் அழிந்தபின் கூறப்படும் கருத்து பிரமாணமாகாது என்றும், கூறியவர் இத்துறையில் முன்பு ஒரு கட்டுரையேனும் வாசித்தவரல்லர் என்றும் இரு சம்பிரதாயத்தாரும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும், ஏகமனதாகத் தீர்மானித்தனர்.